இருபத்தைந்து மீட்டர்

கல்லூரி நாட்களில் எழுபது மீட்டரில் எய்தவள் நான்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்து வெயிலில்
மஞ்சள் வட்டத்துக்குள் ஆறுக்கு ஐந்து அம்பு.
வெண்கலப் பதக்கம் இன்னும் பீரோவில் கிடக்கிறது,
பாஸ்போர்ட்டுக்கு அடியில்.

பலகை மூச்சு விடாது.
நாண் அதிரும் சத்தத்துக்கு
முழங்கால் மடக்கித் துள்ளாது.

இப்போது கையில் வில் இல்லை.
காற்றழுத்தத் துப்பாக்கி,
குழலுக்குள் மயக்க ஊசி,
ஊசியின் வாலில் இளஞ்சிவப்புக் குஞ்சம்.
மேலூர் தாண்டி, கைவிட்ட கிரானைட் குவாரி.
மலையை அறுத்து எடுத்துப்போன பள்ளத்தில்
பச்சைத் தண்ணீர். எண்பதடி ஆழம் என்கிறார்கள்.
அளந்தவர் யாரென்று தெரியவில்லை.
கீழ்த்தட்டில் ஒரு பெண் புள்ளிமான்,
முன்னங்காலில் கம்பிச் சுருக்கு
தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

தூரமானி நாற்பத்தொன்று என்றது.

"அடிங்க டாக்டரம்மா, நல்லாத்தானே நிக்குது!"
விளிம்பில் நூறு தலை, நூறு செல்போன்.
வேட்டைத்தடுப்புக் காவலர் அடைக்கன் மட்டும்
ஒன்றும் சொல்லாமல் பீடியை அணைத்தார்.
அவருக்கு வாடிப்பட்டி நினைவிருக்கும்.

வாடிப்பட்டியில் முப்பத்தெட்டு.
வாழைத்தோட்டம், மேல்காற்று.
எட்டும் என்று தெரியும். எட்டியது.
தொடைக்கு விட்ட ஊசி
வயிற்றில் எட்டியது.
ஓடி ஓடி, ராத்திரி பத்து மணிக்கு
வாய்க்காலில் கிடந்தது அந்த ஆண் மான்,
கண் திறந்தபடி, உடம்பு அடுப்பாய்க் கொதித்து.
'அதிர்ச்சியால் மரணம்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
பொய் இல்லை.
அதிர்ச்சி எத்தனை மீட்டரிலிருந்து வந்தது
என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஆறு மாதம்
நாகமலைக்குப் பின்னால்
வைக்கோல் பொதிக்குச் சாக்குப் போர்த்தி
வெறும் தண்ணீர் ஊசியால் சுட்டேன்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. கண்ணில் வெயில் குத்த.
ஓடிவந்து மூச்சிரைக்க.
சாப்பிடாமல். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து.
நல்ல நாட்களை நான் எண்ணவில்லை.
ஆக மோசமான நாளிலும்
பத்துக்குப் பத்து உள்ளங்கை அகலத்தில் விழுந்த தூரம்
இருபத்தைந்து.
பக்கத்து மாவட்டத்து டாக்டருக்கு நாற்பது இருக்கலாம்.
இருக்கட்டும்.

கூட்டத்தைக் கலைக்க ரேஞ்சர் ஸ்டெல்லாவுக்கு
இரண்டு மணி நேரம் ஆனது.
இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன்.
வெடிக்குத் துளை போட்ட தழும்புகள்
வரிசையாய் ஓடும் பாறையில் முதுகைச் சாய்த்தேன்.
முப்பத்தாறு.
முப்பத்தொன்று.
மறுபடி முப்பத்தேழு.
இருட்டிவிட்டது.

"காலையில செத்துக் கிடந்தா?"
வாக்கிடாக்கியில் ஸ்டெல்லா.
கிடக்கலாம், என்றேன்.

கொசு. பசி.
அது நொண்டும்போதெல்லாம்
கம்பி கல்லில் உரசும் சிணுக் சத்தம்.
அதை வைத்தே தூரம் கணித்துக்கொண்டிருந்தேன்,
சுட முடியாத இருட்டில், எதற்கென்று தெரியாமல்.

ஆறேகாலுக்கு வெளிச்சம்.
இருபத்துமூன்று.
ஆனால் முன்னங்கால் இரண்டும் தண்ணீருக்குள்.
மயங்கினால் மூழ்கும்.
விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தேன்.
அது குடித்தது.
இவ்வளவு தண்ணீர் ஒரு மானுக்குள் போகுமா?
குடித்தது.

திரும்பியது. நான்கு காலும் கல்மேல்.
தொடை என் பக்கம், முகம் அந்தப் பக்கம்.

டப்.

ஏழு நிமிடம்.
கண்ணைத் துணியால் மூடினேன்.
அடைக்கன் கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார்.
ஏதோ ஒரு பைக்கின் கிளட்ச் கேபிள்.
முடிச்சை யாரோ
பொறுமையாக, அழகாகப் போட்டிருந்தார்கள்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் டீ.
அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
"எம்புட்டுத் தூரத்துல இருந்து அடிச்சாங்க?"
கடைக்காரர் அடைக்கனிடம் கேட்டார்.

"கிட்டக்க இருந்துதான்" என்றார் அடைக்கன்,
கடையே திரும்பிப் பார்க்கும்படி,
அவ்வளவு பெருமையாக.