மூன்று நொடி

மூன்றாவது ஃபியூஸும் போனபின்
நான்காவதைப் போடவில்லை.
நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் கோத்து
சுவிட்சைத் தட்டினேன்.
பல்பு முழு வெளிச்சம், ஆம்ப் ஊமை.
செகண்டரி வயர்களைக் கழற்றியதும்
பல்பு அணைந்தது.
டிரான்ஸ்பார்மர் நிரபராதி.
பிரிட்ஜில் ஒரு டயோடு
எந்தப் பக்கம் வைத்தாலும் சரி சரி என்றது மீட்டரிடம்.
மாற்றினேன். பாட்டு வந்தது,
அடியில் ஓர் உறுமல்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே"
என்றார் பரஞ்சோதி.
அம்மாபேட்டை விசைத்தறிகளுக்கு நடுவே
இருபத்திரண்டு வருஷம் நின்ற காது.
"வூட்டுல அவதான் சொல்றா,
உள்ள வண்டு இருக்குதுன்னு."

தலை உப்பிய இரண்டு கண்டென்சர்.
மிச்சக் கரண்டை வடித்துவிட்டுத்தான் தொட்டேன்.
வடிக்காமல் தொட்ட விரல் ஒன்று
இன்னும் என்னிடம் இருக்கிறது.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய புதுசைப் பற்றவைத்தேன்.
வண்டு போயிற்று.

ஐந்தேகாலுக்குக் கரண்டும் போயிற்று.
தெரு நீளத்துக்குத் தறிகள்
பாதி இழையில் நின்றன.
ஆம்ப் மட்டும்
சேர்த்து வைத்திருந்ததை எடுத்து
இன்னும் மூன்று நொடி பாடியது,
மெலிந்து, மெலிந்து.

பரஞ்சோதி சட்டென்று திரும்பினார்.
"அட,
பாடறது பொம்பளைங்களா?"