ஹா-வுக்குத் தனிக் காசு

பெயர்ப்பலகைக்கு எழுத்துக் கணக்கில்தான் கூலி.
ஓரடி உயரம், உள்ளே விளக்கு,
எழுத்துக்கு ஆயிரத்து நூறு.
ம, கா, ல் என்று வரைந்து காட்டினேன்.
சத்துவாச்சாரி தணிகைவேலு ஒப்பவில்லை.
கா போட்டால் ரேஷன் கடை மாதிரி இருக்கிறதாம்,
ஹா போட்டால்தான் அரண்மனையாம்.
வளைவு அதிகம், இருநூறு கூடும் என்றேன்.
கூடட்டும்.

தகடு வெட்டிக்கொண்டிருந்த நயீம் சிரித்தான்.
ஜித்தாவில் ஏழு வருஷம் இருந்தவன்.
"அங்க மஹல்னாலே கடைதாண்ணே.
நான் வேலை பாத்தது டயர் மஹல்.
வேர் என்னன்னா, முடிச்ச அவுக்கிறது.
ஒட்டகத்து மேல கட்டின கயித்த அவுத்து
சாமான இறக்குற எடம் எதுவோ, அது."

இறங்குமிடம். அவ்வளவுதான்.
பாரசீகம் தாண்டி உருது தாண்டி
நம்மிடம் வந்து சேர்வதற்குள்
யாரோ அதற்கு மாடி கட்டியிருக்கிறார்கள்.

போல்ட் வாங்க லாங் பஜார் போனவன்
வண்டியைக் கோட்டைக்குள் திருப்பினேன்.
அகழியில் பாசி, ஒரு செருப்பு.
ஹைதர், திப்பு, கண்டி, பாதுஷா, பேகம்
என்று ஐந்து மகால்.
தோற்ற வீடுகளின் ஆட்களை
இங்கேதான் இறக்கினார்கள்.
இறக்கியது சரி,
மறுபடி மூட்டை கட்ட விடவில்லை.
இது எந்த மகால் என்று கேட்டேன்.
"ஆபீஸ். உள்ள போகக்கூடாது"
என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர்.

வைகாசி முதல் முகூர்த்தத்தன்று
பலகையை மாட்டி முடிக்கும்போது
உள்ளே கெட்டிமேளம்.
அவிழ்க்கிற சொல்லுக்குக் கீழே
எவனோ மூன்று முடிச்சு போடுகிறான்.
நயீம் என்னைப் பார்த்தான்.
வாயைத் திறக்காதே என்றேன்,
பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை.

பின்கட்டு அறைகளை
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார் தணிகைவேலு,
நாளுக்கு முந்நூறு, தண்ணீர் தனி.
சாயங்காலம் ஆட்டோவில் வந்தவர்கள்
மால்டாவிலிருந்து இரண்டரை நாள் ரயில்.
அவர் எக்ஸ்ரே உறையை
மடங்காமல் மார்போடு பிடித்திருந்தார்.
அந்தம்மா வாழைமரத்தடியில் குந்தி
ஸ்டவ் பெட்டியின் நைலான் கயிற்றை
நகத்தால் நெம்பிப் பார்த்து
பிறகு பல்லால் கடித்தாள்.

அண்ணாந்து பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் அது அவளுக்குத் தெரியாத எழுத்து.

நான் மறுபடி ஏணியை நிமிர்த்தினேன்.
ஹா-வில் ஒரு விளக்கு எரியவில்லை.