நாற்பத்தோராவது நிமிடத்து யன்னல்

இரவு பத்தரைக்கு மதுவந்தி அழைக்கிறாள்.
"அக்கா, என்ர கூறைக்கு என்ன நடந்தது?
மாதுளம்பூச் சிவப்பெல்லோ அது?
நீங்கள் தந்ததில சாம்பல் பூசினமாதிரிக் கிடக்கு.
மாமி கேட்கிறா,
இது நாங்கள் எடுத்த சேலைதானோ எண்டு."

பகல் முழுதும் மணிக்கூட்டு முகப்புகளில்
கீறல் தேடிய கண்ணைக் கசக்கிக்கொண்டு
கணினியைத் திறக்கிறேன்.
கோப்பு ஒன்றுதான்.
அறுபத்திரண்டு ஜிபி, பத்து பிட், எச்.டி.ஆர்.
"எதில திறந்தனி?"
"எதில எண்டால்?
ரெண்டு தரம் அமத்தினன், வந்தது."

அதுதானே.
கணினியோடு கூடவே வந்த பிளேயர்
வெளிச்சத்தை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறது.
பந்தல் வெளிறி, ஐயரின் பட்டு வெளிறி,
மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் முகம்.
முழு மண்டபத்தையும்
கஞ்சித் தண்ணீரில் அலசி எடுத்ததுபோல்.

இந்த ஊர் ரயில் நிலையம்
தன் பெயரை இரண்டு தரம் சொல்லும்,
பீல் என்றும் பியென் என்றும்.
இறங்குகிறவர்கள் ஒரே மேடையில்தான் இறங்குகிறார்கள்.
பிளேயர்களிடம் அந்த உத்தரவாதம் இல்லை.

அடுத்தது, செம்மஞ்சள் கூம்பு.
சிவப்பு திரும்பி வந்தது,
கொஞ்சம் கோபமாகவே.
குத்துவிளக்கின் ஐந்து திரியும் உருகி
ஒரே வெள்ளைக் கட்டி.
மணவறைக்குப் பின்னால் யன்னல்,
தோய்த்துக் காயவிட்ட வேட்டி.
"இப்ப சிவப்போ அக்கா?"
"சிவப்பு. பொறு."

மூன்றாவதற்குப் பொத்தான்களே கிடையாது.
கறுப்புச் சதுரம் ஒன்று,
கட்டளையைத் தட்டெழுதவேண்டும்.
அது உச்ச வெளிச்சத்தை வெட்டுவதில்லை,
முருங்கைக் கொப்பை முறியாமல் வளைக்கிறமாதிரி
மெல்ல வளைத்துக் கீழே கொண்டுவருகிறது.
திரிகள் ஐந்தாயின.
கூறையில் மயிற்கழுத்துக் கரை தெரிந்தது.
யன்னலில்
வேட்டி இல்லை.

போட்சிங்கன் மண்டபத்தின் கார் தரிப்பிடம்.
ஈரப் பனி.
சாம்பல் நிறக் காரின் பக்கத்தில், குடையில்லாமல்,
குளிர்ச்சட்டைக்குக் கீழே பட்டு வேட்டி தெரிய
ஒருவன்.

நிதர்சன்.
லூசேர்னில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்றார்கள்.
தோழனாக நின்றது சித்தப்பாவின் மகன்.
மாப்பிள்ளையின் கால் கழுவியதும் அவன்,
மோதிரம் போனதும் அவனுக்கு.
காசு விஷயம் என்று சமையல்கட்டில் ஒரு பேச்சு.
எனக்கேன், நான் கமெராக்காரி.

கெட்டிமேளம் வெளியே கேட்டிருக்கவேண்டும்.
பொக்கற்றிலிருந்து வலது கையை எடுக்கிறான்.
மண்டபத்துப் பக்கம் திரும்பி
வெறுங்கையை வீசுகிறான்.
அட்சதை எறிகிற வீச்சு.
விரல்கள் விரிகிறதுவரை தெரிகிறது.

நாலு செக்கன்.
பிறகு கமெரா திரும்பிவிடுகிறது.
திருப்பினது நான்தான்,
கூறையின் தலைப்பை எடுக்க.

"அக்கா, இருக்கிறீங்களோ?
ஒண்டு செய்யுங்கோவன்.
சாதாரண வீடியோவா மாத்தித் தாங்கோ.
மாமி வீட்டிலயும் கனடாவிலயும்
ஒரேமாதிரித் தெரியவேணும்."

மாற்றலாம். அரை மணித்தியால வேலை.
ஆனால் வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று
யாராவது ஒருவர் சொல்லவேண்டும்.
ஒரு கோடு. சுட்டியால் இழுக்கிற கோடு.
இந்தப் பக்கம் இழுத்தால் சேலை பளிச்சென்று எரியும்,
யன்னல் வேட்டியாகும்.
அந்தப் பக்கம் இழுத்தால்
மண்டபம் ஒரு சொட்டு இருளும்,
அவன் நிற்பான்.

"மாமிக்கு மாத்தித் தாறன்," என்கிறேன்.
"நீ முதல்ல வேற ஒண்டில பார்.
பேனை இருக்கோ?"
அந்தப் பிளேயரின் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.
மூன்றே எழுத்து.
இரண்டு தரம் திருப்பிக் கேட்கிறாள்.

நிமிடக் கணக்கைச் சொல்லவில்லை.
தாலி கட்டுகிற இடத்தில்
கூறையின் நிறம் பார்க்க
எப்படியும் அவள் நிறுத்துவாள்.