விலக்குப் பட்டியல்

லியெபாயாவில் கடல்காற்று ஜன்னலை உலுக்கும் இரவு.
ஐவார்ஸின் பழைய கணினிக்கு மூச்சிரைக்கிறது.
ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பாகத் தட்டி எழுப்பி
யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று கேட்க,
பறவைக் குரல் பாதியில் திக்குகிறது:
க்ரெக்ஸ், க்ரெக்ஸ், க்ரெ…

ஜூன் மாதப் புல்வெளியில் மூன்று ராத்திரி
கொசுவுக்கு ரத்தம் கொடுத்து
அவன் பதிவுசெய்த குரல்.

"இந்தக் காவல்காரனை அனுப்பிவிடலாமா, விஸ்மா?"

அதே பெட்டிக்குள்தான் என் சம்பளம்,
வீட்டுக் கடன், மாமியாரின் மருந்துச்சீட்டு.
கூடாது என்றேன்.
போன வருஷம் வார்டில் யாரோ
ஒரேயொரு மின்னஞ்சலைத் திறந்தார்கள்;
ஒன்பது நாள்
காய்ச்சலைக் காகிதத்தில் எழுதினோம்.

சரி, சோதனை விடிகாலை மூன்று மணிக்கு என்றான்.
நான் வார்டில் விழித்திருக்கும் நேரம்.
ஒரு வாரம் விசிறியின் இரைச்சலில்
அவனும் விழித்திருந்தான்.

கடைசியில்
ஒரு கோப்புறையை மட்டும் விலக்கிவைத்தான்.
இதைத் தொடாதே. இதைக் கேள்வி கேட்காதே.
குரல் இப்போது தடங்கலில்லாமல் ஓடுகிறது.

மின்கட்டண ரசீதுக்குக்கூடக் காவல் உண்டு.
பதினொரு வருஷப் பறவைகள்
தாழில்லாத அறையில்.

எனக்கு வேலையில்லாத வெள்ளிகளில்
அவன் தூங்கியதும்
எல்லாவற்றையும் பென் டிரைவில் நகலெடுக்கிறேன்.
ஆஸ்பத்திரி லாக்கரில்
மாற்றுச் சாக்ஸுக்கு அடியில் அதற்கு இடம்.

நகலெடுக்க நாற்பது நிமிடம்.
இந்தக் கணினியில் அது வேகம்தான்.
பச்சைப் பட்டை ஊர்வதைப் பார்த்தபடி
கம்பளிக்குள் காலை மடக்கி
உட்கார்ந்திருக்கிறேன்.