தையலுக்குள் இரண்டு இஞ்ச்

எழுபத்தொன்பதில் இருந்து அறுபத்தொன்றுக்கு
நான் இறங்கி வந்த வருடம்
வெள்ளவத்தை முழுக்க என்னை விசாரித்தது.
"என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ?"
மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.
லிஃப்டுக்குள் மிஸிஸ் ஜெபநேசன் குரலைத் தாழ்த்தி
"பிளட் டெஸ்ட் எடுத்தனீரே?"
கந்தோரில் சுனேத்ரா மட்டும்
"ஹரி லஸ்ஸனய்" என்றாள், கன்னத்தைக் கிள்ளி.

ஏழு வருடமாயிற்று.
இப்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.
மெலிவதற்குத்தான் கைதட்டல்.
மெலிந்தபடி இருப்பதற்கு
கடற்கரைப் பக்க சன்னல் கம்பிக்குக் கிடைக்கும்
மரியாதைதான்.
உப்புக் காற்று தின்னும்.
சுரண்டிப் பெயின்ட் அடித்த அன்றைக்கே
காற்று திரும்பத் தொடங்கியிருக்கும்.
"ஆ, துருவே இல்லை" என்று
ரோட்டில் நின்று யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

நஸீர்தீன் நானா என் சட்டைகளைச் சிறுப்பித்தபோது
ஒன்றையும் வெட்டவில்லை.
"உள்ளுக்கு ரெண்டு இஞ்ச் உட்டிருக்கேன் தங்கச்சி,
தேவப்பட்டா பிரிச்சிக்கலாம்."
எத்தனை உடம்புகள் போய்த் திரும்பியதைப்
பார்த்த கத்தரிக்கோல் அது!
எனக்குக் கோபம் வந்தது. வெட்டுங்கோ என்றேன்.
துணி பாவம் என்றார்.

பின்னேரம் நாலரைக்கு வருவது பசியில்லை,
கணக்கு ஒத்துவராத எரிச்சல்.
அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம்.
இரவு பத்துக்கு வருவது
கீழ்க்கடைக் கொத்துத் தகரத்தின் சத்தம்.
அந்தத் தாளத்துக்கு
இன்றைக்கும் கட்டிலில் எழும்பி இருக்கிறேன்.
பழகிவிடும் என்றார்கள்.
பொய். பழகவில்லை.
சத்தம் கேட்கும், நான் படுத்துவிடுவேன், அவ்வளவுதான்.
தராசில் வியாழக்கிழமை ஏறுவேன்.
திங்களில் ஏறினால்
சனியும் ஞாயிறும் சேர்ந்து என்னைத் திட்டும்.

அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது வாரம்
வார்டுக்கு வெளியே மரவாங்கில் இருந்தேன்.
மாலுபாண், ரோல்ஸ், திரும்ப மாலுபாண்.
பால் தேத்தண்ணி, மூன்று கரண்டி சீனி.
ருசி ஒன்றும் ஞாபகமில்லை.
கை எதையாவது பிடித்திருக்க வேண்டியிருந்தது.
அவர் வீட்டுக்கு வரவில்லை.
எட்டுக் கிலோ வந்தது.

முப்பத்தோராம் நாள் கழித்து
சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு
நானாவின் கடைக்குப் போனேன்.
அவர் வாய் திறக்கவில்லை.
பிளேட்டால் நூலை நறுக்கி நறுக்கி
பக்கத்துக்கு ஒரு இஞ்ச் விரித்தார்.
விரித்த இடத்தில் துணி புதிதாய்க் கிடந்தது:
வெயில் காணாத, வெளுக்காத நீலம்,
கமக்கட்டில் இருந்து இடுப்புவரை
விரலகலக் கோடு.

அந்தக் கோட்டோடேயே கந்தோருக்குப் போனேன்.
முந்தியென்றால்
எட்டைக் கண்டதும் மிச்சப் பத்தையும்
நீயும் வா என்று கூப்பிட்டிருப்பேன்.
அடுத்த திங்களில் தொடங்குவம் என்று
ஒரு வருடத்தைக் கடத்தியிருப்பேன்.
இந்தமுறை ஒரு புதன்கிழமை, தூறல்,
பம்பலப்பிட்டியில் பஸ்ஸால் இறங்கி
மரைன் டிரைவ் வழியே நடந்தேன்.
செருப்பு நனைந்தது.
வேறு விசேஷம் எதுவுமில்லை.
வியாழனும் நடந்தேன்.

ஐந்து கிலோ போயிற்று.
மூன்று நிற்கிறது.
அதை நான் துரத்தவில்லை.

போன கிழமை புதுத்துணி கொண்டுபோனேன்.
அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
நானா முதல்முறையாக என்னைக் கேட்டார்,
"உள்ளுக்கு எவ்வளவு உட?"
ஒன்று என்றேன்.
அவர் எழுதப் போக,
"இல்லை, ரெண்டே விடுங்கோ."
சோக்கால் கோடு போட்டார்.
மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
படியிறங்கினேன்.
நடக்க இன்னும் வெளிச்சம் இருந்தது.