நாற்பது

ஒன்றரை மணிக்கு மேல்தான் மேஜை அடங்கும்.
அதுவரை கொருக்குப்பேட்டையைக் கடக்கும்
ஒவ்வொரு டேங்கர் ரயிலும்
எங்கள் கண்ணாடிகளுக்குள் ஒரு நடை வந்துவிட்டுத்தான் போகும்.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர் வரிசை நகர்ந்தால்
திரையில் கோடு நடுங்கும்.
லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வாரம் எடுத்த தரவுதான்
என்னிடம் இருப்பதிலேயே சுத்தம்.

வெற்றிடத்தில் ஒரு செம்புப் படிகம்,
சுண்டுவிரல் நகமளவு.
ஆர்கானால் அடித்துத் துடைத்து, சூடேற்றி, ஆறவிட்டோம்.
நாளை மதியத்துக்குள் அழுக்காகிவிடும்,
காற்றே இல்லாத அங்கேயும்.
பின்தெருவில் செம்பை இப்படிக் கொஞ்சுவதில்லை.
ஒயரைக் குவித்துக் கொளுத்தி
கரியை உதறி எடை போடுகிறார் நசீருல்லா.

முதல் ஒளி பட்டதும் எலக்ட்ரான்
உலோகத்துக்கு வெளியே வந்துவிடுகிறது,
ஓரிரு அணு தூரம்.
அதற்குமேல் போகவிடாமல்
உள்ளே அதன் பிம்பமே முளைத்து இழுக்கிறது.
திரும்பலாமென்றால்
அந்த ஆற்றலுக்குப் படிகம் கதவைச் சாத்தியிருக்கிறது.
நிற்கிறது.
சராசரியாக
நாற்பது ஃபெம்டோ விநாடி.

கண்ணாடியை மூன்று மைக்ரான் தள்ளினால்
இரண்டாம் ஒளி இருபது தாமதமாக வரும்.
அப்போதும் நிற்பவை மட்டும் பிடிபடும்.
மற்றவை உள்ளே போனதை யாரும் பார்த்ததில்லை,
கோடு இறங்குவதை வைத்துச் சொல்கிறோம்.

ஜெசிந்தா மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை.
பம்ப் அடியில் மாற்றுத்துணிப் பை.
நான் கேட்கவில்லை.
போன் ஒளிரும்போதெல்லாம் கவிழ்த்து வைக்கிறாள்.
"டிடெக்டர்ல வெளிச்சம் விழும்" என்கிறாள்.
எத்தனை முறை ஒளிர்ந்தாலும்
அந்த வெளிச்சத்துக்கு ஓர் எலக்ட்ரானைக்கூட
வெளியே கொண்டுவரும் திராணி இல்லை.
இருவருக்கும் தெரியும்.

நாலரைக்கு ரயில்வே கேட்டில் டீ.
கேட் மூடியிருந்தது.
"இன்னாக்கா, ராத்திரி பூரா
இன்னாத்த எண்ணிக்கினு கீறீங்கோ?"
பாய்லருக்குப் பின்னாலிருந்து பூபாலன்.
"வெளிய வந்து நின்னுட்டு
திரும்ப உள்ள போறதுங்கள."
"அதுக்கு இன்னாத்துக்குக் கரண்டு பில்லு?
இங்க வந்து குந்து."

ஜெசிந்தா சிரித்தாள், மூக்கில் டீ ஏறும் அளவுக்கு.

கேட் தூக்கினார்கள்.
மீன்கூடை ஆட்டோ, பால் வண்டி,
ஷிப்ட் முடிந்த இரண்டு பேர்,
எல்லாம் தண்டையார்பேட்டைப் பக்கம் போயின.
அவள் வீடும் அந்தப் பக்கம்தான்.
காலி கிளாஸோடு தண்டவாளத்தின் ஓரம்வரை போனாள்.
நின்றாள்.
நான் கடிகாரம் பார்க்கவில்லை.

அடுத்த டேங்கருக்கு
மணி அடிக்கத் தொடங்கியது.