எண்பத்தாறு

எல் ஆல்ட்டோ. இரவு மூன்று மணி.
ஒன்பதாம் படுக்கையில் ரூஃபினா சோக்கே,
சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்குகிறவள்,
பித்தப்பை எடுத்து இரண்டு நாள்.
விரலைக் கவ்விய கருவி
எண்பத்தாறு என்றது.

சமவெளியிலிருந்து நேற்று மாற்றலாகி வந்த டாக்டர்
மூன்று மாடி ஓடி ஏறினார்.
"எண்பத்தாறா! சிலிண்டர் எங்கே?"

ரூஃபினா தூக்கம் கலைந்து என்னைப் பார்த்தாள்.
நாடி எழுபது, தாளம் தப்பவில்லை.
சுவாசம் பதினாறு. காய்ச்சல் இல்லை.
நான்காயிரம் மீட்டர் உயரத்தில் பிறந்த ரத்தத்துக்கு
எண்பத்தாறு என்றால் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

மூச்சு வாங்கியது டாக்டருக்குத்தான்.
இங்கே அதன் விலை அவருக்கு இன்னும் தெரியாது.

கருவியைக் கழற்றி அவர் விரலில் மாட்டினேன்.
எழுபத்தொன்பது.
நாடி நூற்றுப் பதினெட்டு.
உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது;
பாடத்தில் அதற்கொரு நீண்ட கிரேக்கப் பெயர் உண்டு.
சொல்லவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டேன்,
சிலிண்டரையும்.

குறிப்புத் தாளில் 'இயல்பு' என்றொரு கட்டம்.
எந்த ஊர் இயல்பு என்று கேட்கக் கட்டமில்லை.

நினைவு தெளிவா என்றறிய வழக்கமான கேள்விகள்:
இது என்ன இடம்? இன்று என்ன கிழமை?

"ஆஸ்பத்திரி. வியாழன். சந்தை நாள்,
இந்நேரம் லாரி வந்திருக்கும்" என்றாள் ரூஃபினா.
பிறகு, போர்வையை விலக்கி எட்டிப் பார்த்து,
"இந்தப் பையனுக்கு உடம்புக்கு என்ன?"

டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து
புதன் என்றார்.

சற்றுப் பொறுத்துத் திருத்திக்கொண்டார்.
அதையும் எழுதினேன், மணி நிமிடத்தோடு.